பாட்டு இல்லாத வீடியோ

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடி பதினெட்டுக் கூட்டம் இன்னும் முழுசாக மலை இறங்கவில்லை. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. என் ஷெட்டில் நிற்க ஆளில்லை. காலையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். இன்னொருவர் டயருக்குக் காற்றடிப்பீர்களா என்றார். மூன்றாமவர் வெயிலுக்கு ஒதுங்கினார், அவ்வளவுதான்.

சாயங்காலம் நாமக்கல்லிலிருந்து முதலாளி அருணாசலம் அண்ணன் போன் செய்தார். அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை. பொறுமையாகப் பேசினால்தான் பயம். இன்று ரொம்பப் பொறுமை.

"யமுனா, பழைய கார் விக்கற கடையைக் கொண்டுபோய் மலை மேல வெச்சது என் தப்புதான் கண்ணு. ஆயுத பூஜைக்குள்ள அந்த மூணு வண்டியும் போகோணும். இல்லீன்னா ஷெட்டைக் காலி பண்ணிட்டுக் கீழ வந்துரு. இங்க உனக்கு ஒரு சேர் போட்டு வெச்சிருக்கறேன்."

சேர் போட்டு வைத்திருக்கிறாராம்! தினமும் எழுபது வளைவு இறங்கி, எழுபது வளைவு ஏறி, அந்தச் சேரில் உட்கார வேண்டுமா? இல்லை, நாமக்கல்லில் வீடு பிடித்து என் வீட்டுக்காரர் ராசுவையும் அவர் மிளகுக் கொடியையும் பெயர்த்துக்கொண்டு போக வேண்டுமா? நான் போக மாட்டேன். போகவே மாட்டேன்.

(போனில் "சரிங்கண்ணா" என்றுதான் சொன்னேன்.)

ஆகஸ்ட் 6, புதன்

மூன்று வண்டி: ஒரு சிவப்புக் கார், ஒரு சாம்பல் கார், ஒரு வெள்ளை வேன். வேன் ஒரு வருஷமாக நிற்கிறது. அதன் பின் சீட்டில்தான் என் சாப்பாட்டுத் தூக்கு, குடை, மாற்றுச் செருப்பு எல்லாம்.

முதலாளியின் அக்கா மகன் இளங்கோ ஒரு யோசனை சொன்னான். கீழே கடைக்கு அவன்தான் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாம் பார்க்கிறான். "அக்கா, இப்பல்லாம் ரீல்ஸ் போடாம எந்தக் கடையும் ஓடாது. நல்லாக் கழுவி, நல்ல லொக்கேஷன்ல எடுங்க. பாட்டை மட்டும் எனக்கு விட்ருங்க."

ராசுவிடம் சொன்னேன். அவருக்கு எதையும் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட வரும். "போன்ல பாத்து நம்மாளு கோழி கூட வாங்க மாட்டான். கார் வாங்கறானாக்கும்."

பார்க்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று படப்பிடிப்பு! சிவப்புக் காரை டயர் பள்ளத்தில் இருந்த செம்மண் வரைக்கும் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். முன்னால் செவ்வந்தி மாலை. சோளக்காடு ஊருக்குக் கீழே ஒரு வளைவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, ராசு மேலேயிருந்து ஓட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் பனி, பக்கத்தில் பள்ளம், நடுவில் சிவப்பு. எனக்கே அந்தக் காரை வாங்கிவிடலாம் போலிருந்தது.

இளங்கோ ஒரு குத்துப்பாட்டைப் போட்டு அனுப்பினான்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு லட்சம் பேர்! ஒரு லட்சம்! இந்த மலையிலேயே அவ்வளவு பேர் கிடையாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கமெண்ட் எல்லாம் உட்கார்ந்து படித்தேன். "அருவியில் தண்ணீர் வருதா?" இதுவே நாற்பது பேர். "தங்க ரூம் இருக்குமா?" "மலைத்தேன் ஒரிஜினலா?" ஒரு பெண், "அக்கா, மாலை சூப்பர்." காரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆசையாகத் திறந்தேன். இந்தக் கலரில் பைக் இருக்கிறதா என்றிருந்தது.

மதியம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் ஷெட்டையே தேடி வந்தது. சிவப்புக் காரோடு ஆளுக்கு நாலு செல்ஃபி. போகும்போது ராசுவிடம் இரண்டு கிலோ மிளகு வாங்கிக்கொண்டு போனார்கள்.

"உன் வீடியோ நல்லாத்தான் வேலை செய்யுது புள்ள" என்கிறார். சிரிப்பு வேறு. இராத்திரி இரண்டு கரண்டி ரசம் குறைவாக ஊற்றினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அதில் வளப்பூர் நாட்டிலிருந்து முருகானந்தம் என்று ஒருவர் வந்தார். மரவள்ளி போடுகிறவர். மூன்று வண்டியையும் சுற்றிப் பார்த்தார். குனிந்து சிவப்புக் காரின் அடியைப் பார்த்தார். நான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எது புடிச்சிருக்குதுங்க?"

"எனக்கு ஜீப் இருக்குதுங்கம்மா. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். உங்க வீடியோவ டீக்கடையில எட்டுப் பேரு ஒரு போன்ல பாத்தோமுங்க. விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது அதுல?"

"வண்டி எறங்குதுங்களே! எறங்கறதுக்கு மாட்டு வண்டி கூட எறங்கும். ஏறுமா? அதக் காட்டுனீங்களா? அதுவும் ஆள் ஏறி, மூட்டை ஏத்தி, வளைவுல நிறுத்தி எடுத்தா எடுக்குமா? கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னா பாட்டு வேற போட்டு எஞ்சின் சத்தத்தை அமுக்கிட்டீங்க. ஏதோ கோளாறு இருக்குது, அதான் பாட்டுன்னு பேசிக்கிட்டோம்."

அவர் போன பிறகு வேனில் ஏறி உட்கார்ந்து கொண்டேன். நான் இந்த மலையில் பொறந்தவதானே? ஒரு வண்டிய வாங்கறதுன்னா நானே முதல்ல என்ன செய்வேன் — வளைவுல நிறுத்தி எடுத்துப் பாக்க மாட்டனா? பல் துலக்கற பிரஷ்ல செம்மண்ணத் தேச்சேனே, மலையில ஓடுன அடையாளத்தையே தேச்சுட்டு நின்னேனே! எவனோ கீழ உக்காந்து பாட்டப் போட்டான்னு எனக்குப் புத்தி எங்க போச்சு?

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் கொஞ்சம் அதிகம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முருகானந்தத்துக்குப் போன் செய்து ஆறு மூட்டை மரவள்ளியோடு வரச் சொன்னேன். வெள்ளை வேன். கழுவவில்லை. ஓட்டியது நான். ராசு பக்கத்தில் போனைப் பிடித்தார். பின்னால் முருகானந்தமும் மூட்டைகளும். பாட்டு இல்லை.

ஒரு வளைவின் நடுவில் நிறுத்தினேன். எடுத்தேன். வண்டி ஒரு முழம் பின்னால் நழுவி, நின்றுபோனது. பின்னால் பஸ். ஹார்ன் என்றால் ஹார்ன். எனக்கு வந்ததே கோபம், தலையை வெளியே நீட்டி, "இருங்கண்ணா! எடுத்துத்தானே ஆகோணும், தூக்கிட்டாப் போக முடியும்?" என்று கத்தினேன். இரண்டாம் தடவை முக்கிக்கொண்டு எடுத்தது. மேலே வந்து போனைப் பார்த்து, "கிளட்ச் தேஞ்சிருக்குதுங்க, மாத்தித்தான் கொடுப்போம்" என்று சொன்னேன்.

வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே போட்டுவிட்டேன். மற்ற இரண்டு வண்டியையும் அதே மாதிரி ஏற்றி எடுத்தோம். சாம்பல் அலுங்காமல் ஏறியது. சிவப்பு ஏறியது, ஆனால் அடி ரோட்டில் இடித்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இளங்கோ பதறுகிறான். "அக்கா, வண்டி நின்னு போறத யாராவது விளம்பரமாப் போடுவாங்களா? மாமா பாத்தா அவ்வளவுதான். டெலீட் பண்ணுங்க."

முடியாது என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதி நானாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து போன். அரியூர் நாடு, சேலூர் நாடு, எங்கெங்கிருந்தோ. வீடியோவை யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட, அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. யாரும் என்ன கலர் என்று கேட்கவில்லை. "ரெண்டாவது தடவை எடுத்தப்ப அரை கிளட்ச்சா முழு கிளட்ச்சா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் போனைக் காதில் வைத்து எஞ்சினை மட்டும் கேட்டாராம். படமே பார்க்கவில்லையாம்!

செப்டம்பர் 21, ஞாயிறு

அமாவாசை. அரியூர் நாட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வேனை எடுத்துக்கொண்டார்கள். கிளட்ச் மாற்றிக் கொடுத்தோம். மறுபடி வளைவில் நிறுத்தி எடுத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். என் குடையையும் செருப்பையும் இறக்கி வைக்கும்போது மனசு என்னவோ போலிருந்தது. சாப்பாட்டுத் தூக்கை வேனிலேயே விட்டுவிட்டேன். பாதி வழியில் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

சாம்பல் போய்விட்டது! ராசுவுக்கு இன்று ரசம் நிறைய.

செப்டம்பர் 28, ஞாயிறு

சிவப்பு நிற்கிறது. மலைக்காரர்கள் அடி தாழ்வு என்று தொடுவதில்லை. லட்சம் பேர் பார்த்த கார், கேட்பாரில்லை. இன்னும் மூன்று நாள். அருணாசலம் அண்ணன் வேறு மறுபடி பொறுமையாகப் பேசினார். "ரெண்டு போச்சு, சந்தோசம் கண்ணு. ஆனா நான் மூணுன்னுதான் சொன்னேன்."

பூஜைக்குச் சாமான் வாங்கினேன். டயருக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம். அதை நசுக்கிக்கொண்டு நான்தான் அந்தக் காரைக் கீழே ஓட்டிப்போய் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 29, திங்கள்

தாலுகா ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜெனிபர் மேடம் மத்தியானம் வந்தார். திருச்சிக்காரர். வாராவாரம் பஸ்ஸில் ஏறும்போது முப்பதாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவாராம். லைசென்ஸ் இருக்கிறது. மலையில் ஓட்டப் பயம்.

"அந்த சிவப்புக் கார் வீடியோ பாத்தேன் மேடம். அழகா இருந்துச்சு, ஆனா பயம் போகல. அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் உங்க வேன் வீடியோவைக் காட்டினாரு. வண்டி நின்னு போயி, பின்னாடி பஸ் ஹார்ன் அடிச்சு, நீங்க அவரைத் திட்டிட்டு மறுபடியும் எடுத்தீங்க பாருங்க, அதை நாலு தடவை பாத்தேன். நின்னு போனாலும் எடுத்துடலாம்னு அப்பதான் தோணுச்சு."

அடி இடிக்கும் என்று சொன்னேன். நான் மூட்டையா ஏற்றப் போகிறேன் என்றார். அவரையே ஓட்ட வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். வளைவில் நிறுத்தச் சொன்னேன். இரண்டு தடவை நின்றுபோனது. மூன்றாவது தடவை எடுத்துவிட்டு, வண்டிக்குள்ளேயே கை தட்டினார். ஸ்டியரிங்கைப் பிடிங்க மேடம் என்று கத்தினேன்.

பூஜைக்கு முன்னாலேயே வேண்டுமாம். தானே பொட்டு வைக்க வேண்டுமாம். நாளைக்கு எடுக்கிறார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஷெட்டைக் கழுவி, கோலம் போட்டு, பொரி கடலை எல்லாம் வைத்த பிறகுதான் உறைத்தது — பொட்டு வைக்க ஒரு வண்டி இல்லை! ராசு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் போனை எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். "வேல செஞ்சது இதுதான புள்ள?" என்றார். கோழி கூட வாங்க மாட்டான் என்று சொன்ன அதே வாய்.

முதலாளி பூஜை படம் அனுப்பச் சொன்னார். கேமரா மேலேயே சந்தனம். படம் மஞ்சளாக வந்தது, அதையே அனுப்பினேன்.

"நாளைக்கு நாலு வண்டி ஏத்தி உடறேன். ஷெட்டுல எடமிருக்குதா கண்ணு?" என்றார். இன்று பொறுமையே இல்லை, ஒரே அவசரம். நாலில் முதல் வண்டியை இளங்கோ ஓட்டி வருகிறான். இப்போதே கேட்டு அனுப்பியிருக்கிறான்: "அக்கா, வளைவுல எந்தக் கியர்?"

முதல் கியர். பாட்டை நிறுத்திவிட்டு வா என்றேன்.

நாலு எலுமிச்சம்பழமும் தட்டில் அப்படியே இருக்கின்றன. காலையில் சந்தைக்குப் போய் இன்னும் பன்னிரண்டு வாங்க வேண்டும்.