கிளாஸ் உடைந்தால்

அன்புள்ள ரோகிணிக்கு,

சமயநல்லூரில் நல்ல மழை என்றார்கள். அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே பாரில் சனிக்கிழமை நிற்க இடமில்லை. கேப்டன் நானே கத்தினால் பரிமாறுகிறவர்கள் பதறிப்போவார்கள். அதனால் கூட்டம் ஏற ஏற நான் குரலைத் தணித்துக்கொள்வேன், உனக்குத் தெரியும். கிளாஸ் உடைந்தால், மேசையில் இருப்பவர் குனிந்து பார்ப்பதற்குள் சில்லு ஒன்றுகூட இல்லாமல் அள்ளிவிட வேண்டும். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன நீ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வருவதற்குள், தொட்டில் சேலையை அவிழ்த்துக் கொக்கியையும் கழற்றிவைத்திருந்தேன். நீ கொக்கி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "தண்ணி குடிக்கிறியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னையும் கஸ்டமர் மாதிரிதான் பாக்குறீங்களா?" என்றாய். மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

இந்தச் சனிக்கிழமையும் ஒரு கிளாஸ் உடைந்தது. அழகுபாண்டி துடைப்பத்தோடு ஓடிவந்தான். "அள்ளாதடா! கிடக்கட்டும்!" என்று கத்திவிட்டேன். பாட்டுச் சத்தத்தையும் மீறி எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது.

அவன் என் தோளைத் தொட்டு, என்னைப் போலவே குரலைத் தணித்து, "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

வந்ததும் கொக்கியை மாட்டி, சேலையைக் கட்டினேன். அதை நான் துவைக்கவில்லை. பால் வாடை இன்னும் இருக்கிறது.

அந்த அறையில் நடக்கும்போது, தொட்டிலில் இடித்துவிடாமல் ஒதுங்கித்தான் போகிறேன். அவிழ்க்க வேண்டுமென்றால் நீ வந்து அவிழ்த்துக்கொள். நான் தொடமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்