லூர்துவின் சுவர் நிழலும் உன் பன்னீர் ரோஜாவும்

என் செல்ல அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் எப்படி என்று தெரியவில்லை. இங்கே ஜீவனஹள்ளியில் எப்படி என்று சொல்வதற்கு முன் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை இழுத்துக்கொண்டே போவேன். உன் பன்னீர் ரோஜா போய்விட்டது. தொட்டி உடைந்து, தண்டு வேர்வரை பிளந்து. அதுவும் மாதா நம் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய நாள்.

கோபப்படாதே. கோபப்படுவதற்கு இந்த வீட்டில் நான் ஒருவன் இருக்கிறேன், போதும்.

நீ போனது கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்கு வர முடியாத குளிரில். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ தெளிவாகப் பேசிய அன்று என் சாப்பாட்டைப் பற்றியோ என் பிரஷரைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மே மாசம் மாதா நம்ம வீட்டுக்கு வர்றப்ப நம்ம பூவா இருக்கணும்டா சேவி. கடைப்பூ வெச்சுடாதே" என்றாய். நான் தலையாட்டினேன். அந்தக் குளிரில் மே மாதத்தை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

உனக்குத் தெரிந்ததுதான். மே மாதம் முழுக்க மாதாவின் அந்தச் சின்னச் சுரூபம் நம் தெருவில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஜெபமாலை முடிந்து அங்கேயே தங்கி, மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் கையாலேயே அடுத்த வீட்டுக்குப் போகும். இத்தனை வருடமும் நீதான் ஏந்திக்கொண்டு போனாய். நான் நம் வாசலோடு நின்றுகொண்டேன். நமக்கு அடுத்த வீடு லூர்துவின் வீடு அல்லவா?

மார்ச் பாதியிலேயே ஆரம்பித்துவிட்டது அக்கா. பெங்களூரில் ஃபேன் எதற்கு என்று பெருமை பேசிய குடும்பங்கள் எல்லாம் ஏசி விலை விசாரிக்கின்றன. மதியத்தில் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. தரைச் சூட்டில் வேர் வெந்துவிடும் என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் செங்கல் கொடுத்தேன். மண்ணின் மேல் தேங்காய் நார் பரப்பினேன். சாக்கை நனைத்துத் தொட்டிகளுக்குச் சட்டை மாதிரி சுற்றினேன். உரம் போடவில்லை, கிளை வெட்டவில்லை. வெயிலில் செடியைச் சும்மா விடு என்று நீ சொன்னபடியே சும்மா விட்டேன். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

தண்ணீர்? நம் போர்வெல் வற்றிவிட்டது. குழாயில் ஒரு நாள் வந்தால் அடுத்த நாள் இல்லை. டாங்கர்காரன் போனை எடுப்பதே இல்லை. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் அபராதம் என்று அறிவிப்பு வேறு. அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர், வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீர் எல்லாவற்றையும் பக்கெட்டில் பிடித்து, விடிவதற்கு முன் மாடிக்குத் தூக்கினேன். பகலெல்லாம் கல்லூரி. எனக்கு இளையவனைத் துறைத்தலைவர் நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்கு என்னையே வாழ்த்துரை வாசிக்கச் சொன்ன கல்லூரி. திரும்பி வந்தால் மறுபடி பக்கெட். இதில் கீழ்வீட்டு ரத்னம்மா வேறு. "சேவி சார், மேலிருந்து மண்ணுத் தண்ணி ஒழுகுது. தோச்ச துணியை மறுபடி தோய்க்கத் தண்ணிக்கு நான் எங்கே போறது?" நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் எனக்கு அதிகம் எரிச்சல் வருகிறது.

இப்போது நிழல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் வந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ரோஜாத் தொட்டியை மேற்குப் பக்கம், லூர்துவின் சுவர் ஓரமாக நகர்த்திவிடுவாய். மதியத்துக்கு மேல் அங்கே நல்ல நிழல். இருக்காதா பின்னே? ஒரு மாடிதான் கட்டுகிறேன் என்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு, நம் கைப்பிடிச் சுவரை ஒட்டி மூன்று மாடி எழுப்பியவன் அவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நம் சாயங்கால வெயில் மொத்தமும் போச்சே என்று நான் கேட்டபோது, கொத்தனார் சித்தாள் எல்லோருக்கும் முன்னால் என்ன சொன்னான்? "செடிக்கு வெயில் வேணும்னா லால்பாக் பார்க்குக்குப் போடா." அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன்.

நீ என்ன செய்தாய்? அதே வாரம் பன்னீர் ரோஜாவில் ஒரு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றி அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாய். நான் கத்தினேன். "ஒரே வீட்ல இருக்கற செடி அனாதைடா" என்றாய். அவன் சுவர் நிழலில் தொட்டியை வைக்காதே என்று இன்னொரு வருடம் கத்தினேன். "நிழல்ல அவன் பேரா எழுதியிருக்கு?" என்றாய். எழுதியிருந்தது அக்கா. எனக்குத் தெரிந்தது.

அதனால் இந்த வருடம் நகர்த்தவில்லை. தோட்டம் இப்போது என் பொறுப்பு, என் இஷ்டம். மாடி நடுவில் பச்சை வலை கட்டினேன். கனடாவிலிருந்து தங்கச்சி ரீட்டா வாய்ஸ் மெசேஜ் மேல் மெசேஜாக அனுப்பினாள். "அண்ணா, ஷேட் நெட் அம்பது பர்சென்ட் வாங்கு. அண்ணா, ஃபோட்டோ அனுப்பு. அண்ணா, ஏன் ரிப்ளை இல்ல?" உன் அடக்கத்துக்கு வர அவளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, வலைக்கு மட்டும் யோசனை கிடைத்தது. பெயிண்ட் பக்கெட்டுகளில் சிமெண்ட் ஊற்றி, நான்கு இரும்புக் குழாய் நட்டு, வலையைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. விரலால் தட்டினால் தவில் மாதிரி இருந்தது. தொட்டிகளை எல்லாம் அதன் கீழே கொண்டுவந்தேன். கனமான குரோட்டன்ஸ் தொட்டிகளையும் அந்தப் பழைய பெரணிச் செடியையும் மட்டும் தூக்க முடியாமல் சுவரோரமே விட்டுவிட்டேன்.

வலை வேலை செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். தெருவில் மற்றவர்கள் வீட்டுச் செடியெல்லாம் அப்பளமாய்ப் பொரிந்தபோது உன் ரோஜா இலை வாடவில்லை. மாதா வருகிற வாரம் மொட்டுகள் வாய் திறந்து நுனியில் சிவப்பு காட்டின. உன் படத்துக்கு முன்னால் நின்று, பார்த்துக்கோ என்று கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

மறுநாள் மாதா வரவேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். ஒரு இலைகூட அசையவில்லை. திடீரென்று வானம் புகைபிடித்த பாத்திரம் மாதிரி ஆனது. தெருப்புழுதியை வாரிக்கொண்டு காற்று வந்தது. மழைதான் என்று சந்தோஷமாக எழுந்தேன். கூரைத் தகரத்தில் கல்லெறிந்த மாதிரி சத்தம். கீழேயிருந்து ரத்னம்மா கத்தினாள்: "சார், ஆலிக்கல்லு! ஆலிக்கல்லு!"

ஆலங்கட்டி. கோலிக்குண்டு அளவு.

மழை வலைக்குள் புகுந்து போய்விடும், கட்டி போகாது. இதை யோசிக்க ஒரு முதுகலைப் பட்டம் தேவையில்லை. சரித்துக் கட்டியிருந்தால் உருண்டு ஓடியிருக்கும். கம்பிக்குப் பதில் கயிறு போட்டிருந்தால் அறுந்தாவது போயிருக்கும். நான் மட்டமாகவும் கட்டினேன், அறுக்க முடியாமலும் கட்டினேன். கட்டி சேரச் சேர வலை பிள்ளைத்தூளி மாதிரி நடுவில் தொங்கியது. தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். நான் கம்பியை அவிழ்ப்பதற்குள் நான்கு குழாயும் உள்பக்கம் சாய்ந்து, வலை, ஆலங்கட்டி, சிமெண்ட் பக்கெட் எல்லாம் சேர்ந்து உன் ரோஜாவின் மேல் விழுந்தது. மொட்டுகள் மண்ணில் நசுங்கிக் கிடந்தன. செம்பருத்தி கந்தல். மல்லியில் ஒரு இலைகூட இல்லை. உதிர்ந்த இலை போய் வடிகுழாயை அடைத்து, மாடியில் கணுக்கால் தண்ணீர். கையை விட்டுத் துழாவி அடைப்பை எடுத்தேன். ரத்னம்மா குடை பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். ஒழுகுவதைப் பற்றித் திட்டுவாள் என்று பார்த்தேன். "அய்யோ, டீச்சரம்மா ரோஜா" என்றாள். அவ்வளவுதான்.

மழை ஓய்ந்ததும் சுவரோரம் பார்த்தேன். மேற்கேயிருந்து சாய்ந்து வந்த கட்டியை எல்லாம் லூர்துவின் சுவர் வாங்கிக்கொண்டிருந்தது. குரோட்டன்ஸில் ஒரு கீறல் இல்லை. பெரணி குளித்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

மறுநாள் காலை ரீட்டா, "சந்தையில வாங்கி வெச்சுடுண்ணா, மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க" என்றாள். மாதா மாட்டாள். நீ? ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ பார்த்த பார்வை எனக்குத்தானே தெரியும்? மாடியின் முன்பக்கம் வந்து நின்றேன். லூர்துவின் கேட்டுக்குப் பக்கத்தில், பால்கனிக்குக் கீழே, உன் பன்னீர் ரோஜா. நீ கொடுத்த குச்சிதான், ஆள் உயரம் வளர்ந்து, இலைக்கு இலை பூவாக நின்றது. இந்த எரிச்சலை நான் எங்கே போய்ச் சொல்ல? அது நம் பூவா, அவன் பூவா?

மதியம்வரை தாக்குப்பிடித்தேன். பிறகு போனேன். பத்து வருடத்துக்கு மேல் தொடாத காலிங்பெல்.

லூர்து லுங்கியோடு வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கதவைப் பாதிதான் திறந்தான்.

"இன்னா சேவியர் சார், அட்ரஸ் மாறி வந்துட்டீங்களா?"

"பூ வேணும்" என்றேன்.

"ஏன், லால்பாக் மூடிட்டாங்களா?"

திரும்பிவிட்டேன் அக்கா. சத்தியமாகத் திரும்பிவிட்டேன். கேட்டில் கை வைத்தபோது பின்னாலிருந்து, "நில்லுடா! ரோஷத்தைப் பாரு, எட்டாங்கிளாஸ்ல பார்த்த அதே ரோஷம்" என்றான். உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தான். "டீச்சரக்கா செடி. என்னை எதுக்குக் கேக்கறே? வெட்டிக்கோ. மாதா இன்னிக்கி உங்க வீடு, நாளைக்கி எங்க வீடு. எனக்கு நாலு வெச்சுட்டு மீதியை எடு."

வெட்டினேன். நான் கிளம்பும்போது நல்ல முற்றின குச்சியாக ஒன்றைப் பார்த்துச் சாய்வாக வெட்டி, குழாயில் நனைத்த துணியில் சுற்றி நீட்டினான். நீ சுற்றுகிற மாதிரியே. "மண்ணு நல்லா நனைஞ்சிருக்கு. இன்னிக்கே நட்டுடு."

எனக்கு வாய்வரை வந்தது. "தேங்..."

"சொல்லாதடா!" என்று பதறிக் கையை நீட்டினான். "குச்சி வாங்கிட்டுத் தேங்க்ஸ் சொன்னா செடி பிடிக்காது. உங்கக்கா என்கிட்ட சொன்னது. உனக்குச் சொல்லலியா?"

சொல்லியிருக்கிறாய். நான் யாரிடம் குச்சி வாங்கினேன், ஞாபகம் வைத்துக்கொள்ள?

அன்று சாயங்காலம் உன் பூதான் மாதாவுக்கு. வீடு முழுக்க அந்த வாசனை. மறுநாள் சுரூபத்தை நானே ஏந்திக்கொண்டு போனேன். நம் வாசலிலிருந்து அவன் வாசலுக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று நினைக்கிறாய்? லூர்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நல்லவனாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் மாடித் தண்ணீர் இப்போதும் நம் பக்கம்தான் விழுகிறது. சுவர் சுவர்தான், அந்த வெயிலை அவன் திருப்பித் தரப்போவதில்லை. உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அன்றைக்கு நீ அவன் வீட்டுக்குக் குச்சி எடுத்துக்கொண்டு போனது செடிக்காகவா, எனக்காகவா? கேட்டிருந்தால் சிரித்திருப்பாய், பதில் சொல்லியிருக்க மாட்டாய்.

குச்சியை நட்டிருக்கிறேன். இரண்டு கணுவில் சிவப்புத் துளிர் வந்திருக்கிறது. வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கவில்லை, பயப்படாதே. தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கிறாயா? மேற்குப் பக்கம், சுவரோரம். புது வலையைச் சரித்துத்தான் கட்டுவேன், கயிற்றால். அடுத்த மே மாதம் மாதா வரும்போது நம் மாடியில் பூத்த பூ இருக்கும். இது என் வாக்கு.

லூர்துவுக்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன். இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. செடி பிடிக்க வேண்டுமே.

உன் கூடப்பிறந்த, உன் பேச்சைத் தாமதமாகக் கேட்கும் தம்பி,
சேவியர்