வெண்கட்டி இலக்கம்

வியாழக்கிழமை, இரவு

கூரையால கழற்றின பழைய கைமரங்களுக்கு, திரும்பப் பூட்டேக்க எது எந்த அறை எண்டு தெரிய, வெண்கட்டியால இலக்கம் போட்டது நான்தான். நேற்றைய மழையில எல்லாம் அழிஞ்சு போச்சு. மாரியில வெண்கட்டி எடுத்த என்னை என்ன சொல்ல. "இனிச் சரிவராது, இரும்பு வாங்குவம்" எண்டார் என்ர மனுசன்.

கிண்ணியாவில இருந்து தச்சுவேலைக்கு வாற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா எண்டு கூப்பிடுறவர், பதறேல்லை. "புகை பிடிச்சது குசினி, ஆணி துருப்பிடிச்சது கடல் பக்கம்" எண்டு பின்னேரத்துக்குள்ள பிரிச்சுப் போட்டார். ஒண்டு மட்டும் மிஞ்சிச்சு. அதில வளைஞ்ச ஆணி ஒண்டு.

இவர் அதைத் தடவிப் பார்த்தார். "இது என்ர அறை நானா. சின்னனில பட்டம் கொழுவ நான் அடிச்ச ஆணி."

நானா ஆணியைப் பிடுங்கக் குறடு எடுத்தார். இவர் விடேல்லை.