பாட்டுத்தான், காக்கா

காக்கா,

அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை மைதானத்தில் கிரிக்கெட் இறுதிப் போட்டி. யார் வென்றார்களோ தெரியாது. பொடியன்மார் சரவெடி கொளுத்தினார்கள். கடற்காற்று அந்த வெடிமருந்து மணத்தை அள்ளிக்கொண்டு வந்து என் குசினிக்குள் விட்டது. மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். உள்ளே போனேன். மறுபடி வெளியே வந்தேன்.

"ஒரு இடத்தில இரியன் புள்ள. என்னத்தத் தேடுற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கூடப்பிறந்த மூத்தவர் உங்களோடு கொஞ்சம் கதைத்தால் ஆறுமோ என்று இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களும் ஒரு இடத்தில் இருந்த ஆளில்லை. கல்முனையில் உங்கள் பிரிட்ஜ் திருத்தும் கடையில் கதிரை கிடந்தது வருகிறவர்களுக்காக. நீங்கள் நின்றுகொண்டேதான் தேத்தண்ணி குடிப்பீர்கள். சோற்றில் கை வைத்த பிறகும் எழும்பிப் போய் ஏதாவது ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்ப்பீர்கள். முடி வெட்டுகிறவர் உங்கள் தலையை அமத்திப் பிடித்தபடியே வெட்டுவாராம். நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, "ஓய்வாக இருங்கள்" என்று டொக்டர் சொன்னதற்குச் சிரித்தீர்கள்.

அந்தக் காலத்தில்தான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகள் ஹஸ்னா போனில் கோல் எடுத்தாள். நீங்கள் கடையில் எப்போதும் போடும் அந்த வெளிநாட்டு ரொக் குழு கொழும்புக்கு வருகிறது, பெரிய ஸ்டேடியத்தில் கச்சேரி என்றாள்.

ஹஸ்னாவின் உம்மா, என் மச்சி, குறுக்கே விழுந்தா. "நெஞ்சுக்குள்ள கம்பிய வெச்சிக்கிட்டு ரொக் பாட்டா? ஊரு என்ன கதைக்கும்?"

"கிட்டாருக்கும் கம்பிதானே" என்றீர்கள்.

சிரிக்கக் கூடாது என்று மச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கடைசியில், "பாட்டுக் கேக்க இல்ல, ஒங்களப் பாத்துக்கொள்ளத்தான் வாறன்" என்று சம்மதித்தா. நீங்களோ இன்னொன்று சொன்னீர்கள்: "தங்கச்சி வராட்டி நானும் இல்ல." எனக்கும் ரொக் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மச்சிக்கு விளங்கவில்லை. அவ கண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவ. நமது ஊரின் அந்த யுத்த வருசங்கள் அவவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பொழுதுபடும் முன்பே கதவுகள் பூட்டப்பட்ட வருசங்கள். வயல் பக்கமிருந்து வெடிச் சத்தம் தொடங்கினால் என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போவீர்கள். சின்ன வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கெசட் பெட்டி உங்கள் கையில் இருக்கும். வெளியே கேட்டுவிடும் என்று உம்மா பதறுவா. அதனால் பெட்டியையும் நம் இரண்டு தலையையும் சேர்த்து ஒரே போர்வையால் மூடுவீர்கள். அந்த இருட்டுக்குள், காதோடு காதாக, அந்த ரொக் பாட்டு.

"காக்கா, இது வெடியா, பாட்டா?" என்று கேட்பேன்.

"பாட்டுத்தான். டிரம்ஸ் அடிக்கிறாங்க, கேளு."

நம்பினேன். சின்னப் பிள்ளைதானே. ஒரு சொல் இங்கிலிஷ் விளங்காமல் அந்தப் பாட்டெல்லாம் நமக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

கச்சேரி நாளில் உங்களுக்கு முன்னமே, விடியல் பஜ்ர் தொழுகைக்கே எழும்பிவிட்டா மச்சி. மருந்துகள், துவாலை, போத்தலில் வெந்நீர் எல்லாம் ஒரு பையில். அந்தப் பையை ஸ்டேடியத்து வாசலில் கிளறிப் பார்த்த காவல்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிலும் கறுப்பு டீசேர்ட் போட்ட இளசுகள். நடுவில் அபாயாவோடு நானும் மச்சியும். ஒருவரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மஃரிபுக்கு எங்கே தொழுவது என்று நீங்கள் தவித்தீர்கள். ஒரு காவலாளி விசயம் விளங்கி, "இங்க, இங்க" என்று சிங்களத்தில் கூப்பிட்டு, சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் காட்போட் பெட்டிகளைப் பிரித்து விரித்துத் தந்தான். நாம் தொழும்போது மேடையில் யாரோ கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஸலாம் கொடுத்த உடனே, "கெதியா வாங்க" என்று துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினீர்கள். மச்சி பின்னால் ஓடினா, "ஓடாதீங்க, ஓடாதீங்க" என்று.

டிரம்ஸின் முதல் அடியே நெஞ்சில் விழுந்தது. காதால் கேட்கும் சத்தமில்லை அது, கால் வழியாக ஏறி வரும் சத்தம். நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு பாடினீர்கள். ஹஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாப்பா, அது அந்தச் சொல் இல்ல!"

"நான் இத்தன வருசமா இப்பிடித்தான் பாடுற. அவங்க மாத்தட்டும்."

நான் மேடையைப் பார்த்ததை விட உங்களைப் பார்த்ததுதான் அதிகம். மச்சியும் அப்படியே. உங்கள் நெஞ்சு, மூச்சு, நெற்றி வேர்வை. இரண்டு பொம்பிளைகள் ஒரு மனிசனுக்குக் காவல்.

பிறகுதான் அந்தப் பாட்டு வந்தது. போர்வைக்குள் நீங்கள் திருப்பித் திருப்பிப் போட்டது. சனம் முழுக்க எழும்பியது. நடுப்பாட்டில், முன்னறிவிப்பு ஏதுமில்லாமல், மேடைக்குப் பின்னால் வாணங்கள் வெடித்தன. வானத்துக்குப் போகும் வெடி இல்லை. நிலத்திலிருந்து, வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக.

நீங்கள் ஹஸ்னாவை இழுத்துக் கீழே போட்டு அவள் மேல் விழுந்தீர்கள். மற்றக் கை என் பிடரியைப் பிடித்துச் சீமெந்துத் தரையோடு அமத்தியது. "படு! தங்கச்சி, தலையத் தூக்காத!"

நான் தூக்கவில்லை, காக்கா. நீங்கள் அமத்தியதால் மட்டும் இல்லை. நீங்கள் தொடுவதற்கு முன்பே என் முழங்கால்கள் மடங்கிவிட்டன. இரண்டு கதிரை வரிசைக்கு நடுவில், யாரோ கொட்டிய சோடாவின் ஈரத்தில் முகம் பட, நான் பழைய வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன்.

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஹஸ்னா அழவும் இல்லை, திமிறவும் இல்லை. உங்களுக்குக் கீழே கிடந்தபடியே ஒரு கையை வெளியே எடுத்து உங்கள் முதுகைத் தடவினாள். நம்மில் மச்சி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தா. அவவின் முகத்தில் பயத்தை விடத் திகைப்புத்தான் கூட. எத்தனையோ வருசம் கூட வாழ்ந்த மனிசன், எங்கிருந்து வந்து இப்படி விழுகிறார் என்று. பிறகு அபாயாவைச் சுருட்டிக்கொண்டு நமக்கிடையில் குந்தினா. உங்கள் காதுக்குள் சொன்னா: "வாணம்ங்க. வெறும் வாணம். எழும்புங்க, ஊட்ட போவம்."

எழும்பினீர்கள். சேர்ட் முழுக்க வேர்வை. போவோம் என்றுதான் சொல்வீர்கள் என நினைத்தேன்.

"இல்ல. பாட்டு முடியல்ல."

மச்சி அழத் தொடங்கிவிட்டா. "ஒங்களுக்கு ஏதாவது ஒண்டு நடந்தா?"

"இதுக்குள்ள நிண்டு கேட்டு முடிக்கோணும். விளங்குதா? நிண்டு."

முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அடுத்த வெடி வந்தபோது உங்கள் தோள் துள்ளியது. கண்ணை மூடிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து, பிள்ளை மாதிரிக் கேட்டீர்கள்: "வெடியா, பாட்டா?"

"பாட்டுத்தான், காக்கா."

மறுபடி வெடித்தது. மறுபடி கேட்டீர்கள். மறுபடி சொன்னேன். கச்சேரி முடியும் வரை அப்படியே. கடைசிப் பாட்டுக்கு நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பிழையான இங்கிலிஷில், கண் திறந்து, பாடிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த நாள் ஊர் திரும்பும் வழியில், மகியங்கனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேனை நிறுத்தினோம். ஹஸ்னா உங்கள் முன்னால் வந்து இருந்தாள். "ஏன் வாப்பா இதெல்லாம் எனக்குச் சொல்லல்ல?"

"பாட்டுச் சத்தம் பெரிசா இரிந்திச்சி மகள். அதுக்குள்ள கதைக்க ஏலாமப் போச்சி" என்றீர்கள். சிரிக்க வைக்கத்தான் சொன்னீர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினீர்கள். கட்டில், போர்வை, உம்மாவின் பதற்றம், விடிந்த பிறகு தெருவில் கண்டது. நான் அறியாததும் அதில் இருந்தது. மச்சி உங்கள் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. தேத்தண்ணி ஆறியது. அவ்வளவு நேரம் நீங்கள் ஒரு கதிரையில் அசையாமல் இருந்து நான் கண்டது அன்று மட்டும்தான்.

அடுத்த மழைக்காலம் முடியும் முன்பே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். கடையில் ஒரு பிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டு நின்றபோது, நின்றபடியே. கச்சேரியால்தான் என்று ஊரில் சிலர் கதைத்தார்கள். மச்சியின் காதுக்கும் அது போனது. உங்கள் ஜனாஸா கிடந்த வீட்டில் வைத்தே அவ சொன்னா: "அதுக்குப் பொறவுதான் அவரு ராவில முழிக்காமப் படுத்த. எனக்குத் தெரியும்." அதன் பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

போன கிழமை ஹஸ்னா மறுபடி கோல் எடுத்தாள். வேறொரு குழு வருகிறதாம், அதே ஸ்டேடியம். "மாமி, வாறீங்களா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்துதான் இந்த இருப்புக்கொள்ளாத அந்தரம். தொழுகையில் ரக்அத் கணக்குத் தவறுகிறது. பால் பொங்கி வழிகிறது. போக வேண்டும் என்று கால் சொல்கிறது, அங்கே நின்று யாரிடம் கேட்பேன் என்று மனம் கேட்கிறது.

நேற்று மச்சியிடம் சொன்னேன். நாலு பேர் போல ஏதாவது சொல்லித் தடுப்பா என்றுதான் எதிர்பார்த்தேன். அவ துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னா: "நானும் வாறன். என்னய நடுவில இருத்துங்க. வெடிச்சா, ரெண்டு பேரையும் நான் புடிச்சிக்கிறன்."

இன்றைக்கு இதை எழுதி முடித்ததும் ஹஸ்னாவுக்கு ஓம், வாறன் என்று சொல்லப் போகிறேன்.

உங்கள் கை இன்னும் என் பிடரியில் இருக்கிறது, காக்கா. குழாயடியில் குனிந்தால், கட்டிலில் சாய்ந்தால், அந்த ஐந்து விரலும் தெரிகிறது. தலையைத் தூக்காதே என்று அமத்துகிறது. அது அங்கேயே இருக்கட்டும். அதோடுதான் நான் எழும்பி நிற்கப் பார்க்கிறேன்.

தங்கச்சி