யோகக்கா சொன்னது

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழரைக்கே வெயில். பாடசாலைக்கு லீவு போட்டேன். சாவகச்சேரிச் சந்தியில் வாகனம் வந்து ஏற்றியது. வெளிநாட்டு உதவித் திட்டமொன்றை மதிப்பிட வந்திருக்கும் ஹெலனுக்கு இரண்டு நாள் மொழிபெயர்ப்பு. முன் சீற்றில் திட்ட அலுவலர் ரமணன். என்னிடம் ஆங்கிலம் படித்தவர்.

ஹெலன் தண்ணீர்ப் போத்தல் வாங்க இறங்கிய நேரம் பார்த்து ரமணன் திரும்பினார். "ரீச்சர், அடுத்த கட்டம் வாறது இவவின்ரை அறிக்கையிலைதான் இருக்கு. ஆரும் குறை கதைச்சால் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ. நிலையத்திலை வேலை செய்யிற பொம்பிளையளும் உந்தத் திட்டத்தை நம்பித்தான் இருக்கினம்."

"ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நீர்வேலி. வாழைக்குலைகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்கும் நிலையம். நல்ல கட்டிடம், அதை மறுக்க முடியாது. கூட்டத்தில் எல்லோரும் நன்றி சொன்னார்கள். கடைசியாக ஒரு அம்மா எழும்பினார். யோகேஸ்வரி, யோகக்கா என்கிறார்கள். மதிலுக்கு அடுத்த பக்கம் அவருடைய தோட்டம்.

"கட்டிடம் நல்லம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா குலை கழுவ உவையள் குழாய்க்கிணறு அடிச்ச பிறகு எங்கடை கிணறு உவராப் போச்சு. வாழை இலை ஓரமெல்லாம் கருகுது. எழுதிக் குடுத்தம், ஒருத்தரும் வந்து பார்க்கேல்லை. இன்னொண்டு அடிக்கப் போகினமாம். அடிச்சால் இந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாம் போச்சு. இவவிட்டைச் சொல்லுங்கோ."

ரமணன் என்னைப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் நான் சொன்னது: நிலையம் நல்லது என்கிறார். தண்ணீரைக் கவனமாகப் பாவிக்க வேண்டும் என்கிறார்.

ஹெலன் தலையாட்டி எழுதிக்கொண்டார். யோகக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.



மார்ச் 5, புதன்

யாழ்ப்பாணத்தில் மூன்று அலுவலகம், மூன்று தேநீர். எல்லா இடத்திலும் அதே படங்கள், அதே சிரிப்பு.

வாகனத்தில் ஹெலன் கேட்டார்: "நேற்று கடைசியாகப் பேசிய பெண் நீளமாகப் பேசினார். நீங்கள் இரண்டு வசனம்தான் சொன்னீர்கள். ஏதாவது விடுபட்டதா?"

உண்மையைச் சொல்ல வழி திறந்துதான் இருந்தது. "ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார்" என்றேன்.

நேற்றுச் சொன்னதற்கு ரமணனைச் சாட்டலாம், அந்தப் பெண்களின் வேலையைச் சாட்டலாம். இன்று சொன்னது நான் பிடிபடாமல் இருக்க. வேறு காரணம் இல்லை.

ஹெலன் மாலை ரயிலில் கொழும்புக்கு. சனிக்கிழமை விமானம்.

மார்ச் 6, வியாழன்

வாங்க: சவர்க்காரம், தேயிலை, சிவப்புப் பேனை.

இடைவேளையில் போனில் ஹெலனின் அறிக்கை வரைவு. ஊர்ப் பெயர்கள் சரியா என்று பார்க்கச் சொல்லி. பெயர்கள் எல்லாம் சரி. ஐந்தாம் பக்கம்: பெண் விவசாயிகள் நீர்ப் பாவனையில் திருப்தி. ஏழாம் பக்கம்: அதே நிலைய வளவில் இரண்டாவது குழாய்க்கிணற்றுக்குப் பரிந்துரை.

அடுத்த பாடம் ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் எழுத்துப் பிழை விட்டேன். பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

பாடசாலை முடிந்ததும் பஸ். யாழ்ப்பாணத்தில் மாறி நீர்வேலி. வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கினேன். தோட்டத்துப் படலையில் யோகக்காவைக் கண்டதும் எல்லாம் போயிற்று.

"யோகக்கா, அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் அவவுக்குச் சொல்லேல்லை."

"தெரியும். நான் சொன்னது எவ்வளவு நீளம், நீங்கள் சொன்னது எவ்வளவு கட்டை. எனக்கு இங்கிலீஸ்தான் விளங்காது, ரீச்சர்."

"ஏன் அப்பவே கேக்கேல்லை?"

"நீங்களும் அவையின்ரை ஆள் எண்டு நினைச்சன்."

கிணற்றில் அள்ளி ஒரு செம்பு தந்தார். குடித்தேன். தொண்டையில் கரித்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார், முழுவதும் குடித்தேன்.

"இப்ப அவவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ. எனக்கு முன்னாலை."

ஹெலனுக்கு அழைத்தேன், சத்தத்தைக் கூட்டி. யோகக்கா ஒரு வசனம், நான் ஒரு வசனம். கிணறு. இலை. எழுதிக் கொடுத்த கடிதம். எதையும் குறைக்கவில்லை.

ஹெலன் குறுக்கிடாமல் கேட்டு முடித்தார். பிறகு, "செவ்வாய்க்கிழமை ஏன் இதைச் சொல்லவில்லை? புதன்கிழமை நான் கேட்டேனே?"

"என்னவாம்?" என்றார் யோகக்கா.

அதையும் மொழிபெயர்த்தேன். பிறகு என் பதிலை, முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில்: "பயத்திலை. அடுத்த முறை மொழிபெயர்க்கக் கூப்பிட மாட்டினம் எண்டு."



மார்ச் 8, சனி

ரமணன் அழைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்களிட்டைப் படிச்சனான், ரீச்சர். எனக்கெண்டாலும் முதல்லை சொல்லியிருக்கலாம்." அதுவும் நியாயம். அடுத்த கட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். இனி வேலை என்னாகும் என்று நிலையத்துப் பெண்கள் அவரிடம் கேட்கிறார்களாம். மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் என் பெயர் இனி இல்லை.

ஹெலனிடமிருந்து இரண்டு வரி. தண்ணீர் பரிசோதிக்கும்வரை புதுக் கிணறு இல்லை. விவசாயிகள் தங்கள் முறைப்பாட்டை ஆங்கிலத்தில் கையொப்பத்துடன் அனுப்ப வேண்டும். எனக்கென்று ஒரு சொல்லும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பின்னேரம் யோகக்கா வீட்டில். கடிதத்தை நான் எழுதினேன். வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். தலையாட்டினார். பேனையை நீட்டினேன், வாங்கவில்லை.

"கொஞ்சம் இருங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளை பாங்கிலை வேலை. இப்ப வந்திடுவா. அவவும் ஒருக்கா வாசிக்கட்டும். பிழையா நினையாதேங்கோ."

"இல்லை, யோகக்கா."

அந்தப் பெண் வர அரை மணித்தியாலம். இரண்டு தரம் வாசித்தார். "ஓம் மாமி, நீங்கள் சொன்னதுதான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் யோகக்கா கையொப்பம் வைத்தார்.