வெண்ணெய் வைத்த பள்ளம்

அன்புள்ள அம்மா,

மெக்சிகோவில் எல்லோரும் நலமா? உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் கன்சாஸில் நலம்.

அடைத்துப்போன ஆழ்குழாய்க் கிணறுகளைச் சுத்தம் செய்ய, கடுங்குளிரான கரியமில வாயுவை உள்ளே செலுத்துகிறோம். பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே தங்கிவிடுமாம். நேற்று அந்த வெயிலிலும் குழாயில் பனி பூத்தது. கிணற்றுக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரம்மா வெண்ணெய் குளிரட்டும் என்று கிணற்றடியில் வெட்டிய ஆளுயரப் பள்ளத்தில் வைத்துவிட்டார். எடுத்துவர நான் இறங்கினேன். கசிந்த வாயு அங்கே தேங்கியிருந்தது கண்ணுக்கே தெரியவில்லை. மூச்சு முட்டிக் கால்கள் மடிந்தன. முதலாளி ஹெய்ன்ரிக் மேலிருந்தே என் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டார்.

“வெண்ணெய்க்காக உசிர விடுவியா, நேட்டா? சொல்லிட்டு எறங்க வாயில்லையா?”

கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டேன், அம்மா. குளிர்காலத்துக்குக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அப்பாவிடம் இதைச் சொல்லாதீர்கள். உடனே கிளம்பி வரச் சொல்வார்.

அப்பாவிடம் சொன்னாலும் பரவாயில்லை, அம்மா.

அடுத்த கிணற்றுக்கு வண்டி புறப்படுகிறது.

உங்கள் நேட்டா