கடைசி இருபது நிமிடம்

பிப். 3, திங்கள்

பனி. முதுநகர் தாண்டும்வரை ஜன்னலில் வெறும் வெள்ளை. வண்டி 12 நிமிடம் லேட். இட்லி கட்டியதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று புதுப் படம் ஆரம்பம். இந்த வருடத்துக்கு நான் போட்டு வைத்த லிஸ்டில் மூன்றாவது.

1. கோர்ட்டில் சொந்த அண்ணனுக்கு எதிரான சாட்சியை மொழிபெயர்க்க வேண்டிய பெண். (முடிந்தது. மல்லிகாக்கா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. வெற்றி.)
2. ஊரைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுக்க வந்து, அங்கேயே தங்கிவிடும் தாசில்தார். (சேகர் அண்ணன்: "நடக்குற கதையா இது?")
3. மலைநாட்டு அண்ணன் தம்பி.
4. இன்னும் முடிவு செய்யவில்லை. அடிதடிப் படம் கிடையாது, அது மட்டும் நிச்சயம்.

ஆறு வருடமாக இதே பெட்டி, இதே மூன்று சீசன் டிக்கெட்: நான், மல்லிகாக்கா, சேகர் அண்ணன். திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் சிதம்பரம் வரை முக்கால் மணி நேரம். ஒரு படத்தை நான்கைந்து காலையாகப் பிரித்துப் பார்ப்போம். என் போன், மல்லிகாக்காவின் டிபன் பை மேல் சாய்த்து வைத்து. கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஹீரோ, ஹீரோயின், போலீஸ், எல்லாம் என் குரல்தான். சிதம்பரம் வந்தால் எந்த இடமாக இருந்தாலும் நிறுத்தம்.

சாயங்காலம் படம் கிடையாது. ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு தலைவலி.

பிப். 4, செவ்வாய்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு.

படத்தில் தம்பி, ஆஸ்பத்திரிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அம்மாவின் மூச்சுக் குழாயை எடுக்கச் சம்மதம். அண்ணன் பனியில் வண்டி ஓட்டி வந்துகொண்டிருக்கிறான். வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. தம்பி அண்ணனிடம், "தானாகவே போய்விட்டாள்" என்கிறான். மல்லிகாக்கா நர்ஸ். "குழாய அப்படியா எடுப்பாங்க? தப்பு தப்பா காட்றான்" என்று ஒரே முணுமுணுப்பு. எதிர் சீட்டு ஆள்கூட எட்டிப் பார்த்தார்.

சேகர் அண்ணன் இன்று தூங்கவில்லை. அதிசயம்.

பிப். 5, புதன்

சேகர் அண்ணன் பை நிறையக் கல்யாணப் பத்திரிகை. சிதம்பரத்தில் இருக்கும் அவருடைய அக்கா விஜயா, அவர் மகளுக்கு மாசிக் கடைசியில் கல்யாணம். இவர் தாய்மாமன். சொந்தமாகப் பிள்ளை இல்லாதவர், அந்தப் பெண்தான் உலகம். மாமன் சீர் தட்டு பதினொன்றா இருபத்தொன்றா என்று எங்களிடம் பஞ்சாயத்து.

"இருபத்தொண்ணு ஜாஸ்தி இல்லயா?"

"எனக்கு வேற யாரு இருக்கா ஜெசிம்மா?"

இந்தப் பேச்சில் படம் பத்து நிமிடம்தான் ஓடியது. எரிச்சல்.

பிப். 6, வியாழன்

என்ன ஒரு காட்சி! பல வருடம் கழித்துத் தம்பி அண்ணன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறான். அண்ணன் எழுந்து வருகிறான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தால், கட்டிப்பிடித்துக்கொள்கிறான். என் குரலே உடைந்துவிட்டது. சரியாக அந்த இடத்தில் சிதம்பரம்.

பிளாட்பாரத்தில் சேகர் அண்ணன் என் பையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணங்காரன் மன்னிச்சுட்டான் இல்ல?"

"இந்தப் படத்தோட பலமே அதாண்ணே. உண்மையச் சொன்னா மனுஷங்க தாங்கிக்குவாங்க."

"எத்தினி வருஷம் கழிச்சுச் சொன்னாலுமா?"

"எத்தினி வருஷமானாலும்."

ஏதோ நானே எடுத்த படம் மாதிரி சொன்னேன். கடைசி இருபது நிமிடம் நானே இன்னும் பார்க்கவில்லை. போன சனிக்கிழமை பார்க்கும்போது அந்தக் கட்டிப்பிடிக்கும் இடத்திலேயே கண் சொருகிவிட்டது. இதையெல்லாம் எதற்கு இவர்களிடம் சொல்ல வேண்டும். மதிப்பு போய்விடும்.

பிப். 7, வெள்ளி

லீவு. பல் பிடுங்கியாகிவிட்டது. வாயில் பஞ்சு. கஞ்சி. மீதிப் படம் திங்கட்கிழமை என்று இருவருக்கும் மெசேஜ் போட்டேன். சேகர் அண்ணன் மட்டும் பதில் போடவில்லை.

பிப். 8, சனி

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு மல்லிகாக்கா தேவனாம்பட்டினத்திலிருந்து போன். மீன் ஏலச் சத்தம் பின்னால். முதலில் ஒன்றும் புரியவில்லை.

"ஜெசி, சேகரு அவுங்க அக்காகிட்ட சொல்லிட்டாராம்டி."

"என்னாத்த?"

"அவுங்க அப்பாவுக்குக் குழாய இவருதான் எடுக்கச் சொன்னாராம்."

நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடமாகத் தினம் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து வருகிற மனிதர்! எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது.

சேகர் அண்ணன் போனில் சொன்னதாக மல்லிகாக்கா சொன்னது இவ்வளவு. ஆறு வருடம் முன்பு அவர் அப்பா கடலூர் ஆஸ்பத்திரியில். இனி ஒன்றுமில்லை, வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்சில் குழாயோடு வீட்டுக்கு. அக்கா சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார். ஆக்சிஜன் சிலிண்டர் தீரப்போகிறது, அடுத்த நோயாளியை ஏற்றப் போக வேண்டும் என்று ஆம்புலன்ஸ் ஆள் அவசரப்படுத்த, "எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா வந்தது அதற்கு அரை மணி கழித்து. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் சிதம்பரத்தில் தான் வேலை பார்க்கும் கடையிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அக்கா பத்திரிகைக் கட்டை எடுத்து அவர் கையில் திணித்து, "கல்யாணத்துக்கு நீ வராத" என்று கதவைச் சாத்திவிட்டார்.

"அவரு ஒண்ணே ஒண்ணு கேக்குறாரு ஜெசி. படத்துல கட்டிப்புடிச்சானே, இங்க ஏன் நடக்கலன்னு."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்த ஆளு உன்னாலதான் போய்ச் சொன்னாரு. ஒன்ன யாரு ரயில்ல பிரசங்கம் பண்ணச் சொன்னது?" என்றார். பல் பிடுங்கிய இடம் விண்விண் என்கிறது. அழுதேன்.

மத்தியானம். மீதி இருபது நிமிடத்தைப் பார்த்துவிட்டேன்.

கட்டிப்பிடித்த அண்ணன் மறுநாள் காலை கதவுக்குப் பூட்டை மாற்றுகிறான். அவ்வளவுதான். தம்பி கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். ஒரு வருடம், இரண்டு வருடம், பனி விழுகிறது. கடைசியில் தம்பி கேட்கிறான்: நான் உனக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா? படம் முடிந்தது.

உண்மையைச் சொல்லலாமா என்று கேட்கிற படம் இது. நான் அதை உண்மையைச் சொல் என்று ஆணையிடுகிற படமாக ஆக்கி, என் குரலிலேயே சொல்லி, அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பாதிப் படத்தைக் காட்டி! போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது.

பிப். 9, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை. சாமியார் பிரசங்கம் காதில் ஏறவில்லை. நற்கருணை வாங்கப் போகவில்லை.

பூசை முடிந்து நேராகச் சிதம்பரம் பஸ். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை மனதுக்குள் பாடம் பண்ணிக்கொண்டே போனேன்: தப்பு என்மேல், அந்தப் படத்தை நான்தான் பார்க்கச் சொன்னேன், மாமன் இல்லாமல் அந்தப் பெண்ணைக் கல்யாண மேடைக்கு அனுப்பாதீர்கள்.

வடக்கு வீதிக்குப் பின்னால் சின்ன மாடி வீடு. விஜயா அக்காவை இரண்டு தடவை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என்னை அடையாளம் தெரிந்தது. உட்கார வைத்தார். காபி வேண்டாம் என்றேன், போட்டார். மகள் பியூட்டி பார்லர் போயிருந்தாள்.

நான் பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவன்மேல எனக்குக் கோவம்னு நெனச்சியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அன்னிக்கு மூணு மணிக்குப் போன் பண்ணான். அப்பாவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம், ஒடனே வாக்கான்னு. பஸ் ஸ்டாண்டு போயிட்டேன். கடலூர் வண்டி நிக்குது. ஏறல."

"ஏங்க்கா?"

"பயம். குழாயோட அவரப் பாக்க முடியாதுன்னு பயம். டீ வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டேன். அந்த வண்டி போச்சு. அடுத்ததும் போச்சு. மூணாவதுலதான் ஏறுனேன். ஆலப்பாக்கம் வர்றப்ப போன் வருது, அப்பா போயிட்டாருன்னு."

காபியில் ஆடை படிந்துவிட்டது. நான் தொடவில்லை.

"வழியிலயே போயிட்டாருன்னு சொன்னான் பாரு. அப்படின்னா மொத வண்டியில ஏறியிருந்தாலும் நான் உசுரோட பாத்திருக்க மாட்டேன். அந்த ஒரு பொய்ய நம்பித்தான் ஆறு வருஷமா சோறு திங்கிறேன். இப்ப வந்து, ஒனக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேங்க்காங்கிறான்."

குற்றவாளி சேகர் அண்ணன், தீர்ப்புச் சொல்கிறவர் அக்கா, நடுவில் நான் சமாதானம் பேச வந்தவள் என்றுதானே வந்தேன்! நான் பார்த்த எந்தப் படத்திலும் இப்படி ஒரு திருப்பம் இல்லை என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன ஜென்மம் நான்.

"அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்த டீ கிளாசு தெரியுது. அதான் வராதன்னேன்."

வெகு நேரம் அழுதார். சத்தம் இல்லாமல். பிறகு முகம் கழுவி வந்து, சாதாரணமாக, கடைக்குச் சாமான் சொல்வது போல:

"பொண்ணுக்கு மாமன் வேணும். வரச் சொல்லு. அப்பா பேச்ச மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லு."

"நீங்க இத அவர்கிட்ட சொல்லலாமேக்கா. அவருக்குக் கொஞ்சம்..."

"வேணாம்." என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. "காத்திருந்தவன்மா அவன். நான் டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தேன்னு தெரிஞ்சா அவன் செத்துடுவான். நீயும் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் வந்தபோது வெளியே பார்க்க முடியவில்லை.

பிப். 10, திங்கள்

பனி இல்லை. வெயில் ஏழரைக்கே சுள்ளென்று.

சேகர் அண்ணன் வருவாரா என்று சந்தேகம். வந்தார். மூன்று நாள் தாடி. அதே சீட்டு. மல்லிகாக்கா டிபன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார், போனைச் சாய்க்க இடம் தரவில்லை.

முதுநகர் தாண்டியதும் சொன்னேன். அக்காவைப் பார்த்தேன், கோபம் தணிந்திருக்கிறது, கல்யாணத்துக்கு வரச் சொன்னார், அப்பா விஷயம் மட்டும் பேச வேண்டாமாம்.

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பெட்டியில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"வேற என்னாம்மா சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லலண்ணே."

"ஒரு மணி நேரம் காத்திருந்தேன்னு சொன்னப்பதான் அவ மூஞ்சி மாறுச்சு. அது ஏன்னுதான் எனக்குப் புரியல."

"அப்பா ஞாபகம் வந்திருக்கும்."

மல்லிகாக்கா என்னை உற்றுப் பார்த்தார். நர்ஸ் கண். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதுச்சத்திரத்தில் அவர் முகம் தெளிந்துவிட்டது. தட்டு இருபத்தொன்றுதான் என்றார். அப்புறம், மீதிப் படத்தைப் போடச் சொன்னார். போனிலிருந்து அழிந்துவிட்டது என்றேன்.

"முடிவு மட்டும் சொல்லேன்."

"அண்ணனும் தம்பியும் ஒண்ணா உக்காந்து சாப்புடுறாங்க."

"பாத்தியா! நீ சொன்னது சரிதாம்மா. உண்மையச் சொன்னா தாங்கிக்குறாங்க." எதிர் சீட்டுக்காரரிடம் வேறு ஆரம்பித்துவிட்டார்: "சார், ஒரு படம் சார், எல்லாரும் பாக்கணும், மனுஷன அப்படியே மாத்திடும்." நான் இத்தனை வருடம் சொல்லி வந்த அதே வார்த்தைகள். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

கிள்ளை தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைக் கவரை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேனாவோடு நீட்டினார்.

"படத்துப் பேர எழுதிக் குடும்மா. அக்காவுக்கு அனுப்பணும். அவளும் பாக்கட்டும்."

எழுதிக் கொடுத்தேன். வேறொரு படத்தின் பெயர்.